தீர்ப்பு வரும்வரை தேர்தல் காத்திருக்காது

விசாரணை அமைப்புகள் முறையாகச் செயல்பட்டாலே ஊழல்வாதிகள் தேர்தல் களத்திலிருந்து அகற்றப்பட்டுவிடுவார்கள் என்று ஒரு கட்டுரையாளர் முன்வைத்த வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 1996-இல் பதிவாகி, 2003-இல் உச்ச நீதிமன்றத்தால் கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டு, 2014 செப்டம்பரில்தான் தனி நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டது; உயர் நீதிமன்றம் விடுவித்ததையடுத்து நடந்த மேல்முறையீட்டில் 2017-இல் இறுதித் தீர்ப்பு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. இதற்கிடையே 2001, 2011, 2016 என மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் அவரது கட்சியை நாமே வெற்றிபெற வைத்தோம்.

வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளியாகிவிட மாட்டார் என்பது உண்மைதான் (ஆட்சி மாறும்போது வழக்குகளின் வேகமும் மாறுவதை எல்லாக் கட்சியினரும் கண்டிருக்கிறார்கள்). ஆனால் வேட்பாளர் தன் சொத்து, வழக்கு விவரங்களைக் கூறிப் படிவம் 26-இல் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. முந்தைய தேர்தலில் அவரே அளித்த பத்திரத்தையும் எடுத்து, மனைவி பெயரிலும் அவரைச் சார்ந்திருக்கும் வாரிசுகள் பெயரிலும் கூடியுள்ள நிலம், நகை, கடன் ஆகியவற்றை, அதே பத்திரத்தில் காட்டியுள்ள ஐந்தாண்டு வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.

குற்ற வழக்குள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்பதைக் கட்சிகள் வெளியிட வேண்டும் என்றும், வெற்றிவாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டது. 'மக்கள் பணியில் ஈடுபாடு கொண்டவர்' என்பதுபோல் எவருக்கும் பொருந்தும் வரிகளை எழுதிவிட்டுக் கட்சிகள் அந்தக் கடமையை முடித்துக்கொள்ளும்போது, வாக்குக் கேட்டு வீடு தேடி வருபவரிடம் நாமாவது காரணத்தைக் கேட்கலாமே.