எக்ஸ்ரேவில் எலும்பு உடையலைன்னா வலி பொய்யா?

செவ்வாய்க்கிழமை நம்ம ஊர் குரூப்பில் ஓடிய அந்த வீடியோவை நானும் பார்த்தேன். புளியமரத்திலிருந்து விழுந்து ஆறு நாள்கூட ஆகவில்லை, அந்தப் பையனைத் திண்ணையில் குப்புறப் படுக்க வைத்து ஒருவர் முதுகை மிதிக்கிறார். கால் முன்னால் வரப் பிறந்தவராம், அவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகுமாம். பையன் கத்துகிறான், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கீழே ஒரு பெரிய மனிதர், "எக்ஸ்ரே நார்மல், எலும்பு ஒண்ணும் ஆகலை, வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு முப்பது பேர் சிரிப்பு போட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்ரேவில் தெரிவது எலும்பு. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற லிகமென்ட் அதில் தெரியாது. முதலில் இதை மனசில் வாங்குங்கள்.

அவரைப் பந்தல் போட்டவர்களுக்கு இது புரியும். மூங்கில் எல்லாம் முழுசாக இருக்கும், கட்டின கயிறு நாலு இடத்தில் அறுந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பந்தல் நிற்கிறது. கொடியில் காய் பிடித்துப் பாரம் ஏறும்போதுதான் சாயும். முதுகுத்தண்டும் அப்படித்தான். கட்டைகட்டையான எலும்புகளுக்கு முன்னாலும் பின்னாலும் கழுத்திலிருந்து அடிவரை இரண்டு நீளப் பட்டைகள் ஓடுகின்றன. இன்னும் பின்னால், நடுமுதுகில் கையில் தட்டுப்படுகிற முட்டுகளுக்கு இடையிலும் மேலும் நார்கள் உண்டு. உள்ளே ரப்பர் போல இழுபடுகிற மஞ்சள் லிகமென்ட் இருக்கிறது. குனியும்போது எலும்பு அளவுக்கு மீறி விலகாமல் இந்தப் பின்பக்கக் கட்டுகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. இவை அறுந்தால், எலும்பு உடையாவிட்டாலும் தண்டு நிலையாக நிற்காது. (நாம் டிஸ்க்கையும் ஜவ்வு என்கிறோம், இதையும் ஜவ்வு என்கிறோம். நான் சொல்வது டிஸ்க்கை அல்ல.)

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 2016 பங்குனியில் பாலக்கோடு பக்கம் குத்தகை மரத்தில் புளி உலுக்க ஏறிய எங்கள் அப்பா விழுந்தார். பதினைந்து அடி இருக்கும். பதறிப்போய் இரண்டு பேர் கையை, இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் முதுகு வளையாமல் பலகையில் கட்டை மாதிரி திருப்பிப் படுக்க வைத்திருக்க வேண்டும், யாருக்கும் தெரியவில்லை. முதலில் போன இடத்தில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எட்டாவது நாள் குத்தகைக்காரர் வீட்டு வாசலில் நின்று, "எலும்புகூட உடையலியாமே, இன்னும் எத்தனை நாள் படுத்திருப்பார்?" என்றார். அப்பா ரோஷக்காரர். மறுநாளே மூட்டை தூக்கப் போனார்.

ஒரு மாதத்தில் முதுகு கூன் விழ ஆரம்பித்தது. ராத்திரி, "நான் நடிக்கல கண்ணு" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

அப்புறம் சேலத்தில் ஒரு டாக்டர் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நடுமுதுகில் விரலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். விலா எலும்பு முடிந்து இடுப்பு ஆரம்பிக்கிற இடத்தில் விரல் நின்றது. என் விரலையும் எடுத்து அங்கே வைத்தார். இரண்டு முட்டுகளுக்கு நடுவே பள்ளம். விறைப்பான மேல்முதுகும் வளைந்துகொடுக்கிற கீழ்முதுகும் சேர்கிற இடம் என்பதால், விழுகிறவர்களுக்கு அங்கேதான் அதிகம் அடிபடுமாம். நிற்க வைத்து, பாரம் ஏறின நிலையில் எடுத்த எக்ஸ்ரேவில் எலும்புகளின் விலகல் தெரிந்தது, எம்ஆர்ஐயில் லிகமென்டின் கிழிசலே தெரிந்தது. எலும்பு கூடுகிற மாதிரி லிகமென்ட் கூடாது, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடினாலும் தழும்பாகத்தான் கூடும் என்றார். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்தார்கள். ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவுசெய்ய 2005இல் வந்த ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. எலும்பு, நரம்பு இரண்டோடு பின்பக்க லிகமென்டையும் தனியாகப் பார்த்து, கிழிந்திருந்தால் 3 மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 5 வந்தாலே ஆபரேஷன் பக்கம்தான் பேச்சு போகும். நீங்கள் சிரித்த விஷயத்துக்கு டாக்டர்கள் கொடுக்கிற இடம் அது.

"முதுகு வலிக்கிற எல்லாரும் எம்ஆர்ஐ எடுக்கணுமா?" வேண்டாம். சாதாரண முதுகுவலி சில வாரங்களில் தானாகக் குறையும், அதற்கு நடமாடுவதுதான் நல்லது. சரியான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். நான் மரத்திலிருந்து விழுந்தவனைப் பற்றிப் பேசுகிறேன்.

"எங்க தாத்தா மூணு தடவை விழுந்தார், மிதிச்சுத்தான் சரியாச்சு" என்று எழுதிய அண்ணனுக்கு: உங்கள் தாத்தாவுக்குக் கட்டு அறுந்திருக்காது. அறுந்திருந்தால் நீங்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பிடிப்பு இருக்கிறதே, லிகமென்ட் செய்ய வேண்டிய வேலையை முதுகுத் தசைகள் இறுகி நின்று செய்வதாகவும் அது இருக்கலாம். அதைத்தான் மிதித்து விடுவிக்கப் பார்க்கிறீர்கள். எலும்பு நகர்ந்தால் நசுங்க, உள்ளே நரம்புகள் ஓடுகிற தண்டுவடம் இருக்கிறது. கால் மரத்துப்போய், சிறுநீர் வராமல் போனால் அந்தக் காலில் பிறந்தவர் வந்து நிற்பாரா?

மரத்தின் உச்சிக்கு ஏற அவன் வேண்டும், ஒரு கொம்புகூட விடாமல் உலுக்க அவன் வேண்டும். விழுந்தால் அவன் நடிகன். புளி விலை ஏறியபோது அவன் கூலி ஏறியதா? எங்கள் அப்பாவுக்கு அன்றைக்குப் பாதி நாள் கூலிதான் வந்தது, மத்தியானத்துக்கு முன்னாடியே விழுந்துவிட்டாராம். இன்றைக்கும் அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. "நல்லாத்தானே நடக்கிறார்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நேற்று அந்தப் பையனின் அம்மாவிடம் பேசினேன். இடது கால் மதமதவென்று இருக்கிறதாம். 108க்குச் சொல்லி, பலகையில் படுக்க வைத்தே கூட்டிப்போய் தர்மபுரியில் சேர்த்திருக்கிறோம். இன்று மதியம் எம்ஆர்ஐ. அந்த வீடியோவைப் போட்டவர் அதற்குள் எடுத்துவிடுங்கள். அவன் கையிலும் போன் இருக்கிறது.