காந்தம் வைரத்தைக் காட்டிக்கொடுக்குமா?

“காந்தத்தில் ஒட்டினால் ஆய்வக வைரம், ஒட்டாவிட்டால் இயற்கை வைரம்” என்று ஒரு வீடியோ பரவுகிறது. இது தவறு. நம்பி நகை வாங்கினால் பணம் போகும்.

ஆய்வக வைரம் இரண்டு வழிகளில் வளர்கிறது. உயர் அழுத்த முறையில், சுமார் 5 முதல் 6 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில், 1,300 டிகிரிக்கு மேல், இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் உருகிய கலவையில் கார்பன் கரைந்து படிகமாகிறது. வளர்ச்சி வேகம் கூடினால் உலோகத் துளிகள் உள்ளே சிக்கும். காந்தம் இழுப்பது அவற்றைத்தான். நிதானமாக வளர்ந்த தெளிவான கல் அசையவே அசையாது. இரண்டாவது வழி சிவிடி, அதாவது வாயுவிலிருந்து கார்பனைப் படியவைக்கும் முறை. மீத்தேன் வாயுவிலிருந்து வளரும் இந்த வைரத்தில் உலோக உருகலே கிடையாது. மறுபக்கம், இரும்புக் கனிமம் சிக்கிய இயற்கை வைரமும் இழுபடலாம். பட்டை தீட்டும் வார்ப்பிரும்புத் தட்டின் துகள் ஒட்டியிருந்தாலும் ஏமாற்றும்.

அணுவளவில் கலந்த நிக்கலைக் காந்தம் அறியாது. கல்லைத் திரவ நைட்ரஜனில் -196 டிகிரிக்குக் குளிர்வித்து லேசர் பாய்ச்சினால், கல் வெளியிடும் ஒளியின் நிறமாலையில், 883, 884 நானோமீட்டர் அலைநீளத்தில் நிக்கலின் இரட்டைக் கோடு தெரியும். சிவிடி கல்லில் பெரும்பாலும் 737-இல் சிலிக்கன் கோடு. இவையும் தனிச் சான்றாகா. வளர்ச்சி வடிவத்தையும் ஒளிர்வுப் படத்தில் பார்த்தே ஆய்வகம் முடிவு சொல்லும்.