பழசு வேற, மறைச்சது வேற

இரண்டு நாளாக எதுவும் எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. ஒரு தங்கச்சி ஆன்லைனில் வாங்கிய பழைய மைவி காடி (கார்) விவகாரம் உங்கள் எல்லாருக்கும் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தில் 62 ஆயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்த காடி, சர்வீஸ் பதிவைத் தேடிப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே 148 ஆயிரம் ஓடியிருக்கிறது. வாங்கி மூன்றாவது வாரம் கியர் பாக்ஸ் போய்விட்டது. அந்தத் தங்கச்சி கடை வாசலில் நின்று அழுததை எவனோ வீடியோ எடுத்துப் போட்டான். அதுவரைக்கும் எனக்குக் கோபமெல்லாம் விற்றவன் மேல்தான். கீழே நம்ம ஆட்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் தூக்கமே போனது.

"யூஸ்ட் காடின்னா இதெல்லாம் சகஜம்மா." "வாங்கும்போது கண்ண எங்க வெச்சிருந்த?" "ஆன்லைன்ல வாங்கினா அப்படித்தான்." நான் மரியாதை வைத்திருக்கும் ஒரு பெரியவர், "பழைய காடிக்கு உரிமை ஒரு கேடா" என்று எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

ஐயா, பழசு வேற, மறைச்சது வேற. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

டயர் தேய்ந்திருக்கிறதா, அது பழசு. சீட் துணி கிழிந்திருக்கிறதா, பெயிண்ட் மங்கியிருக்கிறதா, அதுவும் பழசு. அதைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம், அதற்குப் போய் யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் மீட்டரைத் திருப்பி வைப்பது பழசு இல்லை. உட்கார்ந்து, நேரம் எடுத்து, கருவி வைத்துச் செய்கிற வேலை அது. வாங்க வருகிறவன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்துச் செய்தது. அதை எப்படி அந்தப் பெண் "கண்ணால் பார்த்து" கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

உரிமை இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் மலேசியாவில் இருக்கிறது. அதன் 32-ஆவது பிரிவு, வியாபாரி விற்கிற பொருள் ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. புதுப் பொருளுக்கு மட்டும் என்று அதில் இல்லை. விலையையும் பொருளின் தன்மையையும் வைத்து அந்தத் தரத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதாவது 20 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) காடியில் புதுக் காடியின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20 ஆயிரம் வெள்ளி கொடுத்தவனுக்கு மூன்று வாரத்தில் நின்றுபோகிற காடியைக் கொடுக்கலாம் என்றும் அர்த்தம் இல்லை. விற்பதற்கு முன்னாலேயே "இதில் இந்தக் குறை இருக்கிறது" என்று வியாபாரி எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகப் பின்னால் அவனைக் கேட்க முடியாது. சட்டம் அவனுக்கும் வழி விட்டிருக்கிறது, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். பொருளின் பழைய வரலாற்றைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை அதே சட்டம் குற்றம் என்றே சொல்கிறது.

அப்புறம் அந்தக் காகிதம். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன், பிறகு எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவார்களே, அது. அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் கொடுக்கிற உரிமையை அது பறிக்காது. இதை நான் 2018-இல் தெரிந்து வைத்திருந்தால் என் வீட்டில் ஒரு மனிதர் அவ்வளவு உடைந்து போயிருக்க மாட்டார்.

அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாள் இங்கே எழுதியதில்லை.

என் அப்பா லாரி ஓட்டியவர். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து ஈப்போ, சில நாள் கோலாலம்பூர் வரைக்கும். முப்பது வருஷம். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் வாங்கின ஒரே பொருள் ஒரு காடி, அம்மாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக. ஆன்லைனில் தேடிக் கொடுத்தது நான்தான். படத்தில் பளபளவென்று இருந்தது. "வெள்ளத்தில் மூழ்காதது, விபத்து இல்லாதது, ஒரே உரிமையாளர்" என்று எழுதியிருந்தார்கள். 24,800 வெள்ளி, ரொக்கமாகக் கட்டினார். 2018 மார்ச் மாதம். பினாங்கில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே புரிந்திருக்கும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த மழையில் தீவிலும் செபராங் பிறையிலும் எத்தனை காடிகள் தண்ணீரில் கிடந்தன என்று நாம் எல்லாருமே பார்த்தோம். அவையெல்லாம் எங்கே போயின என்று நானும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அப்புறம் ஜன்னல் ஏறவில்லை. ஏர்கோன் போட்டால் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. பிறையில் தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் இழுப்பது போல நெஞ்சு அளவுக்கு இல்லை, இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தார். வெளியே தெரிகிற பெல்ட் சுத்தமாக இருந்தது, கழுவியிருந்தார்கள். உள்ளே சுருளில் இருந்த கடைசி ஒரு முழம் மட்டும் டீத்தூள் நிறத்தில் விறைத்துப் போயிருந்தது. விரலால் தேய்த்தால் மண் உதிர்ந்தது. அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கினார், சீட் தண்டவாளத்தில் துருவும் காய்ந்த புல்லும். அப்பா அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

விற்றவனுக்குப் போன் பண்ணினேன். "நீங்க பார்த்துத்தானே கையெழுத்து போட்டீங்க" என்றான். அப்பாவும் அதையேதான் சொன்னார்: "நான்தானேய்யா பார்த்தேன், நான்தானே கையெழுத்து போட்டேன், விடு." முப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்கு ஒரு காடி பார்க்கத் தெரியலையா என்று சொந்தக்காரர்கள் கேட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்ல விடவில்லை. ஒன்றரை வருஷம் பழுது பார்த்துப் பார்த்து, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். கடைசி வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அவர் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று இருப்பது எனக்கு 2022-இல்தான் தெரியும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம், நாமே போய்ப் பேசலாம். அப்பா காடி வாங்கிய காலத்தில் 25 ஆயிரம் வெள்ளி வரை அங்கே கேட்கலாம், அப்பாவின் 24,800 அதற்குள்ளேயே வந்திருக்கும். 2019-இல் அந்த வரம்பை 50 ஆயிரமாக உயர்த்திவிட்டார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்குள் வழக்கைப் பதிய வேண்டும். எங்களுக்கு அது தாண்டிப் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தங்கச்சியைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது எனக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்று.

"புஸ்பாகோம் பாஸ் ஆன காடிதானே, அப்புறம் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிறுவனம், பெயர் மாற்றுவதற்காக அங்கே செய்கிற சோதனை அது. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் சரியா, பிரேக், விளக்கு சரியா, சாலையில் ஓட விடலாமா என்று பார்ப்பார்கள். கார்ப்பெட்டைக் கழற்றிச் சேறு தேடுவதும் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதும் அவர்கள் வேலை இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி "காடி நல்ல காடி" என்று சொல்லி விற்பதே தப்பு.

"வியாபாரியும் பிழைக்க வேண்டாமா, ஓட்டிக் கெடுத்துவிட்டு வந்து காசு கேட்பவனும் இருக்கிறானே." இருக்கலாம். அதற்குத்தான் மன்றத்தில் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். மறைக்காமல் விற்கிற நல்ல வியாபாரிகள் எனக்கே தெரியும், கூலிமில் ஒருவர் குறையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துத்தான் விற்பார். அவருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு தொல்லையும் இல்லை.

"தனி ஆளிடம் வாங்கினால்?" இது நியாயமான கேள்வி. பயனீட்டாளர் சட்டம் வியாபாரம் செய்கிறவனைத்தான் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொந்தக் காடியை விற்றால் அந்த மன்றத்துக்குப் போக முடியாது. பொய் சொல்லி விற்றார் என்றால் 1950 ஒப்பந்தச் சட்டத்தை வைத்து சிவில் நீதிமன்றம் போக வேண்டும், அது நீளமான பாதை. இது தெரிந்துதான் சில வியாபாரிகள் "ஓனர் விற்பனை" என்று போட்டு விற்கிறார்கள். கிரானில் (காடியின் பதிவுப் பத்திரம்) யார் பெயர், பேசுகிறவன் யார், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

"பார்த்து வாங்கணும்" என்கிற கட்சிக்கு வருகிறேன். ஆமாம், பார்த்துத்தான் வாங்கணும். போர்மேனைக் கூட்டிப் போகணும், பெல்ட்டை முழுசா இழுக்கணும், சர்வீஸ் பதிவைக் கேட்கணும். நானும் இப்போது எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பூட்டு போடாத வீட்டில் திருடினாலும் அது திருட்டுத்தானே? பார்க்கத் தவறியதற்காக ஒருத்தியை இத்தனை பேர் திட்டுகிறீர்களே, மீட்டரைத் திருப்பினவனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினீர்களா? நான் மேலிருந்து கீழ்வரை தேடினேன். இரண்டு பேர்தான் எழுதியிருந்தார்கள்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கிற லெமன் சட்டம் இருக்கிறது, பழைய காடிக்கும் சேர்த்து. ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவன் பொறுப்பு. இங்கே அதைப் பற்றிப் பல வருஷமாகப் பேச்சு மட்டும் ஓடுகிறது. ஏமாந்தவனைப் பார்த்து நாமே சிரித்துக்கொண்டிருந்தால் யார் அவசரப்பட்டுச் சட்டம் கொண்டு வருவார்கள்? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தொடங்கிய ஊர் இது. அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் ஐயா 2019-இல் இறக்கும் வரைக்கும் சாதாரண ஜனங்களின் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு போராடிய ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம், அதுவும் தமிழில், "உரிமை ஒரு கேடா" என்று எழுதுகிறோம். ஏமாற்றினவன் தலை நிமிர்ந்து நடக்கிறான், ஏமாந்தவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகக் கூசுகிறார். என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தங்கச்சி, இதை நீ படிப்பாய் என்று நினைக்கிறேன். அந்த விளம்பரத்தை எல்லாப் பக்கமும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துவிடு, அழித்துவிடுவார்கள். வாட்சப்பில் பேசியதை அழிக்காதே. வேறொரு போர்மேனிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்கு. காடி வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்பதாக இருந்தால் தள்ளிப் போடாமல் எழுத்தில் கேள், நாள் கடத்தினால் அந்த உரிமை போய்விடும். கடனை மட்டும் கட்டாமல் விடாதே, இல்லாவிட்டால் வங்கிக்காரன் காடியை இழுத்துக்கொண்டு போய்விடுவான், அது தனித் தலைவலி.

திங்கட்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன், மன்றத்துக்குக் கூட வருகிறேன். உன் வீடியோவை நேற்று அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் வருகிறாராம்.