பேராசை என்கிறீர்களே, அந்தச் சம்பளத்தைப் பார்த்தீர்களா?

நேற்று நம் வட்டத்தில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெயர் வேண்டாம். "பேராசை பிடித்து ரஷ்யாவுக்குப் போனாள், ஜெயிலில் கிடந்தாள், இதில் அழ என்ன இருக்கு?" என்று அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரைப் பற்றி ஒருவர் எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எது பேராசை? 2013-இல் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவுக்கு அந்த ஆண்டின் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளாகத் தேர்வானவர். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகும் 2022-இல் அவருடைய சம்பளம் சுமார் 2,28,000 டாலர். அப்போது லீக்கின் உச்சவரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதே நாட்டில் ஆண்களில் முன்னணி ஆட்டக்காரர் ஒரு சீசனுக்கு நான்கு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். ரஷ்யாவில் எகாடெரின்பர்க் கிளப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகச் செய்தி வந்தது. போகாமல் என்ன செய்வார்? கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ரஷ்யா என்று உடம்புக்கு ஓய்வே இல்லாத பிழைப்பு அது.

அவர் மட்டுமா போனார்? இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் டயானா டவ்ராசி 2015-இல் அமெரிக்க சீசனில் இறங்கவே இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லி அதே ரஷ்ய கிளப் பணம் கொடுத்தது. அமெரிக்காவில் ஆடினால் கிடைக்கும் சம்பளத்தைவிட அது அதிகம்!

"பார்க்க ஆளில்லை, பணம் எங்கிருந்து வரும்?" என்று உடனே கிளம்புவீர்கள். சரி, 2024-இல் கெய்ட்லின் கிளார்க் என்ற புது ஆட்டக்காரர் அதே லீக்குக்கு வந்தார், அரங்குகள் நிரம்பி வழிந்தன. அவருடைய முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். இப்போது என்ன சொல்வீர்கள்? ஆண்களுக்கு இணையான தொகையை யாரும் கேட்கவில்லை. ஆண்கள் லீக்கின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. பெண்கள் லீக்கில் அப்போது அந்த விகிதம் கிட்டவே வரவில்லை. அதைத்தான் கேட்டார்கள்.

"சட்டத்தை மீறினாரே?" மீறினார்தான், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு கிராமுக்கும் குறைவான கஞ்சா எண்ணெய்க்கு ஒன்பது ஆண்டு தண்டனை. அது நியாயம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

என் அக்கா பள்ளி அணியில் ஆடினாள். பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் கோர்ட் கிடைக்கும், அதற்குள் இருட்டிவிடும். பெண்களுக்கு ஆறாம் எண் பந்து. அவளுக்குக் கொடுத்தது பையன்கள் கழித்துப்போட்ட ஏழாம் எண் பந்து. மேலே இருக்கிற புள்ளியெல்லாம் தேய்ந்து, வழுவழுவென்று கையை விட்டு நழுவும். தோற்று வந்தால், "பொண்ணுங்களுக்குப் பந்தே பிடிக்க வரல" என்பார்கள். பந்தை யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்றுதான் எங்கள் வீட்டிலும் இன்றுவரை சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரஷ்யாவின் மொர்டோவியா சிறையில் ஈரத்தலை குளிரில் உறைகிறது என்று தன் நீளமான சடைகளை வெட்டிக்கொண்டவர் கிரைனர். 2022 டிசம்பரில் விடுதலை, அடுத்த மே மாதமே மீண்டும் ஆட்டம், 2024 பாரிஸில் மூன்றாவது தங்கம். இனி ஒலிம்பிக் தவிர வேறெதற்கும் வெளிநாட்டில் ஆடமாட்டேன் என்றார். "இப்பவாவது புத்தி வந்ததே" என்று அதற்கும் எழுதுவீர்கள். சொந்த நாட்டில் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தால், அந்தப் பெண் எதற்காக அந்த விமானத்தில் ஏறப்போகிறார்?