பதினோரு வெள்ளிக்கு என் முகம், என் ஐசி, என் அப்பா பெயர்

பதினோரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சொச்சம். வீடியோ பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்லி, அந்தச் செயலியில் எனக்குச் சேர்ந்த கிரிப்டோ நாணயத்தின் மதிப்பு அவ்வளவுதான். அதை வெளியே எடுக்க முடியாது என்று நேற்று ராத்திரி தெரிந்தது. விற்க முடியாது, அனுப்ப முடியாது. திரையில் ஓர் எண்ணாக இருக்கிறது, அவ்வளவே. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன், தம்பி பிடுங்கி வைத்துக்கொண்டான்.

இந்தப் "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" கூத்தில் மாட்டியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ சந்தை இப்படி ஒன்றை ஆரம்பித்தது, அப்புறம் வேறு கம்பெனிகளும் தங்கள் பங்குக்குத் திறந்தன. நான் மாட்டியது இன்னொரு செயலி. பெயரைச் சொல்லப் போவதில்லை. குட்டி வீடியோ, கீழே சில கேள்விகள், சரியாகச் சொன்னால் நாம் கேள்விப்பட்டே இராத ஒரு நாணயத்தில் துளியூண்டு.

ஆனால் அந்தத் துளி வருவதற்கு முன்னால் நாம் யார் என்று நிரூபிக்க வேண்டும். இங்கேதான் என் வயிறு எரிகிறது.

பெயர் என்று ஒரு கட்டம். குடும்பப் பெயர் என்று இன்னொரு கட்டம். நமக்கு ஏதுய்யா குடும்பப் பெயர்? என் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள் என்று பொருள்), அப்பா பெயர். பிறந்த சான்றிதழிலிருந்து ஐசி (அடையாள அட்டை) வரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. சரி என்று முதல் கட்டத்தில் என் பெயரையும் இரண்டாவதில் அப்பா பெயரையும் போட்டேன். ஐசியில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டது. ஐசியில் இருப்பது போலவே ஏ/பி சேர்த்துப் போட்டேன். அந்தச் சாய்வுக்கோடு செல்லாத எழுத்தாம், சிவப்பில் எச்சரிக்கை. கோட்டை எடுத்துவிட்டுப் போட்டேன். பொருந்தவில்லை. முழுப் பெயரையும் முதல் கட்டத்தில் போட்டு இரண்டாவதை வெறுமையாக விட்டேன். கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு எழுத்தாவது வேண்டுமாம். ஏ-யும் பி-யும் இரண்டு எழுத்துதானே என்று அதையே குடும்பப் பெயராகப் போட்டேன். அதை ஏற்றுக்கொண்டது! ஏற்றுக்கொண்டு, மறுநாள் "அன்புள்ள ஏபி" என்று மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் ஆவணம் நிராகரிக்கப்பட்டது, ஏபி. மீண்டும் முயலுங்கள், ஏபி.

என் பெயரும் வேண்டாம், என் அப்பா பெயரும் வேண்டாம், நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். விமான டிக்கெட்டிலிருந்து பரிசுக் கூப்பன் வரை இந்த நாட்டில் நம் ஆட்களுக்கு இந்த அவமானம் பழகிப்போனதுதான். பழகிவிட்டது என்பதற்காகச் சரி ஆகிவிடுமா? மலேசியாவில் ஆள் பிடிக்க வருகிறவனுக்கு மலேசியத் தமிழனின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஏ/பி, ஏ/எல் (மகன்) இல்லாத ஐசியை எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஐசியை மேசையில் வைத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொன்னார்கள். நான் கேட்டது பெயரைப் பற்றி, அவர்கள் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி. சரி, எடுத்தேன். கூடத்து லைட் ஐசியின் பளபளப்பில் பட்டு எண் மறைகிறதாம். வாசலுக்குப் போய் எடுத்தேன். நிழல் விழுகிறதாம். "அக்கா, போட்டோகாப்பிக் கடையில ஸ்கேன் பண்ணிட்டு வரட்டுமா?" என்றான் தம்பி. ஸ்கேன் செல்லாது, நேரடிப் படம்தான் வேண்டுமாம். அப்புறம் முகம். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு, அருகில் வா, தள்ளிப் போ. கண்ணாடியைக் கழற்றினால் திரையில் இருக்கும் எழுத்து எனக்குத் தெரியாது, போட்டால் அதற்கு என் முகம் தெரியாது. பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் நின்று, "ஏம்மா, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்?

ஒரு வழியாக அனுமதி வந்தபோது எந்தப் பெயரில் அனுமதித்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதற்குள் சில பாடங்களுக்கான பரிசு தீர்ந்துவிட்டது. முந்துகிறவர்களுக்குத்தானாம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், மழை வந்தால் இணைய லைன் போகும் வீட்டில் இருக்கிறவள் யாரை முந்துவது?

சரி, பாடமாவது பாடமா? இந்த நாணயத்தின் சிறப்பு என்ன: வேகம், குறைந்த கட்டணம், பாதுகாப்பு, மேற்கண்ட அனைத்தும். எப்போதும் மேற்கண்ட அனைத்தும்தான். வீடியோவைப் பார்க்காதவனும் சொல்லிவிடுவான். நாணயத்தை வெளியிட்டவன் தன் நாணயத்தைப் பற்றித் தானே எழுதிய விளம்பரம் அது, அதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிறார்கள். பிட்காயின் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் வராது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்லது. எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் நாணயங்கள் உண்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 2022 மே மாதம் டெர்ரா யுஎஸ்டி என்ற நாணயம் அப்படி நிற்காமல் சரிந்ததும், கூடவே அதன் ஜோடி நாணயமான லூனா சில நாளில் ஒன்றுமில்லாமல் போனதும் எந்தப் பாடத்தில் வந்தது? அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானபோது உள்ளே காசு வைத்திருந்தவர்கள் எடுக்க முடியாமல் தவித்தது எந்தக் கேள்வியில் வந்தது? பதினேழு வயது தம்பி இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற பாடமா இது? காசைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் காசு எப்படிப் போகும் என்பதை மறைத்தால் அது பாடமே இல்லை.

இனி நேற்று ராத்திரி. வெளியே எடுக்கலாம் என்று அழுத்தினேன். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருந்தது, என்னிடம் இருப்பதைப்போல் பல மடங்கு. சரி, விற்றுவிடலாம் என்று போனேன். விற்பதற்கும் ஒரு குறைந்தபட்சம். இப்படி மிஞ்சும் சில்லறையை என்ன செய்வது என்று தேடினால், கம்பெனி வெளியிட்ட சொந்த நாணயமாக மாற்றித் தருகிறார்களாம். அதாவது, அவர்கள் பையிலிருந்து எடுத்து அவர்கள் பையிலேயே போட்டுக்கொள்வார்கள். எடுக்கும் அளவுக்குச் சேர்த்தாலும் கட்டணம் இருக்கிறது. அதுவும் சதவீதமாக இல்லை, நிலையான தொகை. என்னுடைய பதினோரு வெள்ளியில் முக்கால்வாசியை அது விழுங்கிவிடும்.

எத்தீரியம் மாதிரி பிளாக்செயினில் (பரிமாற்றங்களைப் பதியும் பொதுக் கணக்கேட்டில்) கட்டணம் ஏன் அப்படி என்று நானே தேடிப் படித்தேன். அந்தப் பாடத்தில் இது இல்லை. ஒருவர் இன்னொருவருக்கு எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈத்தரை அனுப்ப 21,000 கேஸ் (கணினி வேலையை அளக்கும் அலகு) அளவு வேலை ஆகிறது, அதன்மேல் ஓடும் வேறு நாணயம், அதாவது டோக்கன், என்றால் அதைவிடக் கூடுதல். அனுப்புவது பதினோரு வெள்ளியா பதினோரு லட்சமா என்பது கணக்கில்லை, வேலை ஒன்றுதான். நெரிசல் கூடினால் விலை ஏறும். சொந்த வாலட்டில் (கிரிப்டோ பணப்பையில்) வைத்திருந்தால் பொதுவாக அந்தக் கட்டணத்தை ஈத்தரில்தான் கட்ட வேண்டும், கையில் இருக்கும் டோக்கனில் இல்லை. ஆக, பரிசாக வந்ததை நகர்த்துவதற்கு நான் முதலில் என் காசைப் போட்டு ஈத்தர் வாங்க வேண்டும். பெரிய பணக்காரனுக்கு இந்தக் கட்டணம் கண்ணில்கூடப் படாது. துளித்துளியாகச் சேர்க்கிறவன்தான் சாகிறான். துளித்துளியாகச் சேர்க்கச் சொல்லி நம்மைக் கூப்பிட்டவர்களுக்கு இது தெரியாதா?

உள்ளூர்ச் சந்தைக்கு மாற்றலாமே என்பீர்கள். 2019 ஜனவரி 15 முதல் இங்கே டிஜிட்டல் நாணயங்கள் செக்யூரிட்டிஸ் கமிஷன் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) கண்காணிப்பில் வருகின்றன. பதிவு பெற்ற சந்தைகள் இருக்கின்றன, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நாணயத்தையும் அவை வாங்கி விற்பதில்லை. எனக்குக் கிடைத்த நாணயம் அங்கே இல்லை. இல்லாததை அங்கே அனுப்பினால் மொத்தமும் தொலைந்து போகலாம்.

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கணக்கு வேலைக்கு 8 வெள்ளி 72 சென். வீடியோவுக்கும் ஐசிக்கும் கழுத்தைத் திருப்பியதற்கும் போன நேரத்தில் நான் ஊரில் எந்தக் கடையில் நின்றிருந்தாலும் கையில் நிஜக் காசு இருந்திருக்கும்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தபோது பாட்டியும் கொடுத்தாராம். தோட்ட முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காசால் நிலம் வாங்கினார்கள். ஏழைகளின் சிறு காசுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் பதினோரு வெள்ளி எடுக்கத் தகுதியில்லாத தொகை என்று ஒரு செயலி சொல்வதை நான் கேட்க வேண்டியிருக்கிறது. என் ஐசியின் இரண்டு பக்கமும் அவர்களிடம் இருக்கிறது. என் முகம் இருக்கிறது. கணக்கை மூடினாலும் அவற்றை உடனே அழிக்க மாட்டார்களாம், விதிமுறையில் எழுதியிருக்கிறது. என் காசைக் கொடுக்கக் குறைந்தபட்சம் உண்டு, என் முகத்தை எடுத்துக்கொள்ள எந்தக் குறைந்தபட்சமும் இல்லை.