உச்சிக்குழி உப்பியிருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னால்

காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் உச்சிக்குழி, அதாவது தலையில் எலும்பு மூடாத அந்த மெத்தென்ற இடம், உப்பியிருக்கிறது என்று நடுராத்திரியில் ஒரு பெண் ஒரு குரூப்பில் எழுதினாள். ஒன்றுமில்லை என்று ஒரு அக்கா ஆடியோவில் பதில் போட்டார். அந்த ஆடியோ யாருடையது, எந்தக் குரூப்பில் கிளம்பியது என்று நான் திரும்பக் கதை சொல்லப் போவதில்லை. மூன்று நாளாக எல்லாரும் கேட்டாச்சு. "அழுதா உச்சி உப்பும்மா, என் மூணு பிள்ளைக்கும் உப்பிச்சு, மூணும் காலேஜ் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அந்தக் குரலும், கீழே வரிசையாக விழுந்த இதயங்களும், கடைசியில் அந்தப் பெண் போட்ட "சரிங்க்கா"வும். எனக்கு அந்த "சரிங்க்கா"தான் தொண்டையில் நிற்கிறது. அதற்கு அப்புறம் அவள் காலை வரை எதுவும் கேட்கவில்லை. இப்போது குழந்தை ஐசியூவில் இருக்கும்போது "யாரையும் குறை சொல்ல வேண்டாம், பிரார்த்திப்போம்" என்று அட்மின் பதிவு. சரி, பிரார்த்திப்போம். குறையும் சொல்வோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த அக்கா சொன்னது பொய் இல்லை. குழந்தை வீறிட்டு அழும்போது, இருமும்போது, வாந்தி எடுக்க முக்கும்போது உச்சி கொஞ்சம் மேலெழும். மல்லாக்கப் படுத்திருந்தாலும் சில நேரம் மேடாகத் தெரியும். விண் விண் என்று துடிப்பதும் சாதாரணம்தான், அது உள்ளே ஓடும் ரத்தத்தின் துடிப்பு. இதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண் எழுதியது என்ன? காய்ச்சல். இரண்டு தடவை வாந்தி. "தூங்கிட்டே இருக்கா, பாலுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறா." தூங்குகிற குழந்தை என்று எழுதியிருக்கிறாள், அழுகிற குழந்தை என்று எழுதவே இல்லை. அழாத குழந்தைக்கு அழுகையைக் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். படித்தீர்களா, இல்லை, பதில் சொல்லும் ஆசையில் பாதியிலேயே மைக்கை அமுக்கிவிட்டீர்களா?

உச்சியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அழுகை அடங்கிய பிறகு, குழந்தையை நிமிர்த்தித் தோளிலோ மடியிலோ வைத்துக்கொண்டு பாருங்கள். மட்டமாகவோ லேசாக உள்வாங்கியோ இருந்தால் உச்சியைப் பொறுத்தவரை நிம்மதி. அமைதியாக, நிமிர்ந்து இருக்கும்போதும் புடைத்து, விரலுக்கு விறைப்பாக இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம், ஒரு டோஸ் சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், எதிர்வீட்டு அனுபவசாலியைக் கேட்கலாம் எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பெரியவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் வெளியே தெரியாது, எலும்பு மூடிக் கிடக்கிறது. குழந்தைக்கு மட்டும்தான் உள்ளே நடப்பதைக் காட்ட ஓர் இடம் திறந்திருக்கிறது. பிரசவத்தில் தலை வெளியே வர வசதியாகவும், முதல் வருடம் மூளை வேகமாக வளர இடம் கொடுக்கவும் மண்டை எலும்புகள் ஒட்டாமல் இடைவெளி விட்டு இருக்கின்றன. பின்பக்கத்துச் சின்ன முக்கோண இடைவெளி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்பக்கத்துச் சாய்சதுரம், நாம் உச்சி என்கிற இடம், பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும், சில குழந்தைகளுக்கு முன்னே பின்னே ஆகும். தொட்டால் மூளையில் படும் என்று பயந்து சிலர் அந்தப் பக்கம் கையே கொண்டுபோக மாட்டார்கள். கீழே கெட்டியான சவ்வு இருக்கிறது, மெதுவாகத் தடவிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. தடவித்தான் பார்க்க வேண்டும், நல்ல நாளில் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தானே கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

உள்ளே அழுத்தம் ஏறக் காரணம் பல. மூளையைச் சுற்றிய உறையில் தொற்று, அதுதான் மெனிஞ்சைட்டிஸ். மூளைக்குள் தொற்று. அடிபட்டு ரத்தக்கசிவு. பிறந்தவுடன், ரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே ஊசி போடாத குழந்தைக்கு அடிபடாமலேயே கசிவு வரலாம். தலையில் நீர் கோத்துக்கொள்வது வேறு ரகம், அது பெரும்பாலும் மெதுவாக வரும், தலைச் சுற்றளவு அளவுக்கு மீறிக் கூடும், விழிகள் கீழே இறங்கினாற்போல இருக்கும். டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் டேப் வைத்துத் தலையை அளக்கிறார்களே, சும்மா இல்லை. (உச்சி பள்ளமாகப் போவது இன்னொரு கதை, அது உடம்பில் நீர் வற்றியதைச் சொல்வது. இரண்டையும் போட்டுக் குழப்பி அந்த ஆடியோவில் ஒரு நிமிடம் பேசியிருந்தார்கள், அதை விடுங்கள்.)

"நீ டாக்டரா?" இல்லை. அந்த ஆடியோ அக்காவும் இல்லை. நான் டாக்டரிடம் போ என்கிறேன், அவர் போகாதே என்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சும்மா சும்மா பயமுறுத்தினால் எல்லாரும் எமர்ஜென்சிக்கு ஓடுவார்களே?" ஓடட்டுமே. பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் போனது ஒரு ராத்திரித் தூக்கம். பக்கத்தில்கூட ஆள் இல்லாத நேரத்தில் அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை, அவள் கேட்டது நியாயம்.

"பெரியவங்க அனுபவத்தை மதிக்கத் தெரியாதா உனக்கு?" இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். சாயங்காலம் காய்ச்சல். அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, பல் முளைக்கிற காய்ச்சல் என்றார். ராத்திரி வாந்தி. தூக்கினால் சிணுங்கினாள், கீழே விட்டால் அடங்கினாள். எந்தக் குழந்தையாவது அம்மா தூக்கினால் அழுமா? அதை நான் சொன்னபோது என் கணவர் "நீ டென்ஷனா இருக்க, அது குழந்தைக்குத் தெரியுது" என்றார். உச்சியில் கை வைத்தபோது அரை டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. காட்டினேன். அண்ணி எட்டிப் பார்த்து, "அழுதிருக்கால்ல, அதான்" என்றார். அழவில்லை அண்ணி என்றேன். "முதல் குழந்தைல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இப்போதும் முதுகில் இருக்கிறது.

விடிந்துதான் போனோம். கழுத்து விறைக்கவில்லையே, அப்புறம் எப்படி என்று என் மாமனார் டாக்டரிடமே வாதாடினார். உச்சி திறந்திருக்கிற வயதில் பல குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காது, சிலருக்கு உச்சிகூட உப்பாது, பச்சைக் குழந்தை என்றால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு ஜில்லென்றுகூட ஆகலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். பாக்டீரியா. 14 நாள் நரம்பு வழியாக மருந்து. பிழைத்தாள். இடது காது கேட்காமல் போனது, அந்தத் தொற்று காதைத் தொடுவது அரிது இல்லையாம்.

சீக்கிரம் போயிருந்தால் காது தப்பியிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னார். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த ஆடியோ மாதிரிதான். ஆனால் ஒன்பது வருடமாக எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை "சின்ன வயசில ஒரு ஜுரம் வந்துச்சு, சரியாயிடுச்சு" என்றுதான் சொல்லப்படுகிறது. அன்று ராத்திரி நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பது அந்தக் கதையில் இல்லவே இல்லை. நானும் "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன் என்பதும் இல்லை. வண்டிச் சாவி ஆணியில்தான் தொங்கியது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்.

அதனால் அந்தப் பெண்ணை "படிச்ச பொண்ணுதானே, தானா யோசிச்சிருக்க வேண்டாமா" என்று இப்போது கிளம்பியிருக்கிறவர்கள் தயவுசெய்து என் பக்கம் வராதீர்கள். நடுராத்திரியில் பயந்துபோய்க் கேட்டவளுக்கு நாற்பது பேர் சேர்ந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதை நம்பினாளே என்று அவளையே கேட்கிறீர்கள்.

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் குழந்தைகளின் தலையைப் போட்டோ எடுத்து அனுப்பி "இது உப்பல்தானா அக்கா" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. போட்டோவில் தெரியாது. குழந்தை அமைதியாக நிமிர்ந்திருக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள்.