கடலடிச் சரிவைக் கணக்கில் விடலாமா?
கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் சத்தம் நீருக்கடியில் ஓடி, குமரி மாவட்டத் தூத்தூர் கரை வரை எவ்வளவு வரும் என்று கணக்கிட ஒரே ஆழம் போட்டால் போதும், கடலடிச் சரிவு பொருட்டே இல்லை என்று ஒரு கருத்து சுற்றுகிறது. நண்பரே, சரிவு ரொம்பவே பொருட்டு. கரை நோக்கி வரும் ஒலிக்கதிர் (ஒலி செல்லும் பாதை) கடல்தரையில் மோதும் ஒவ்வொரு முறையும், தரையோடு அது செய்யும் கோணம் சரிவைப் போல இரு மடங்கு கூடுகிறது. நீரில் ஒலிவேகம் விநாடிக்கு 1500 மீட்டர், கடல்தரையில் 1700 என்று வைத்தால், அந்தக் கோணம் சுமார் 28 டிகிரியைத் தாண்டியதும் ஒலி மண்ணுக்குள் கசிந்துவிடும். ஆழம் நோக்கிப் போகும் ஒலிக்கு நேர்மாறு, கோணம் குறையும்.

சோதிக்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம், பாகைமானி போதும். படுக்கையாக ஒரு கோடு, அது நீர்மட்டம். கீழே 5 டிகிரி சரிவில் இன்னொரு கோடு, அது கடல்தரை. நடுவே ஒரு கதிரை, பட்ட கோணத்திலேயே திருப்பித் திருப்பி வரையுங்கள். ஒவ்வொரு தரைமோதலுக்கும் 10 டிகிரி கூடும். படத்தில் கசிவு இல்லை என்பதால், இரு கோடுகளும் சேரும் முனையைத் தொடும் முன்பே கதிர் ஆழத்துக்குத் திரும்பிவிடும்.